ஆற்றோரம் குவாரி தோண்டினால் ஊர்க் கிணறு என்ன ஆகும்? வாயால் சொன்னால் போதாது; அளந்து பார்க்க வேண்டும்!

சென்னை,

ஆற்றோரத்தில் கிராவல் எடுக்க ஒருவர் மனு போடுகிறார் என்ற சேதி பரவினால் போதும். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடும்.

"குவாரி வந்தால் வேலை கிடைக்கும், லாரிக்கு வாடகை கிடைக்கும்" என்பது ஒரு கட்சி. "குவாரி வந்தால் கிணறு வற்றிப் போகும், அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு பேரும் சத்தம் போடுகிறார்கள். ஆனால், கிணற்றில் இன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது!

இது ஏதோ கிராமத்துத் தகராறு என்று சென்னைவாசிகள் ஒதுங்கிவிட முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் ஓடும் பகுதி, சென்னைக் குழாய்க்குத் தண்ணீர் கொடுக்கிற பகுதி. அங்கே தோண்டும் குழிக்கும் இங்கே குழாயடியில் காத்திருக்கும் குடத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

சென்னைக்கு என்ன சம்பந்தம்?

1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு இந்த இரண்டு ஆற்றுப் படுகைகளையும் ஆராய்ந்தார்கள். பூமிக்குக் கீழே ஆற்று மணலும் கூழாங்கல்லும் கனமாகப் படிந்திருப்பதும், அதில் ஏராளமான தண்ணீர் நிற்பதும் தெரிய வந்தது.

முதலில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். பிறகு கன்னிகைப்பேர், பூண்டி, கொசஸ்தலை வெள்ளச் சமவெளி ஆகியவையும் சேர்ந்தன.

பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் காய்ந்து போகும் ஆண்டுகளில் நகருக்குக் கை கொடுத்தவை இந்தக் கிணறுகள்தான். அதுவும் போதாமல், அந்தப் பக்கத்து விவசாயிகளின் வயல் கிணறுகளில் இருந்தும் குடிநீர் வாரியம் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கிய ஆண்டுகள் உண்டு.

2019-ம் ஆண்டுக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் எல்லாம் கட்டாந்தரை. அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வர வேண்டிய நகரம், 40 கிலோ மீட்டரில் இருக்கிற ஆற்று மணலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியுமா?

மணல் ஒரு தொட்டி

ஆறு காய்ந்து கிடந்தால் "ஆற்றில் தண்ணியே இல்லை" என்கிறோம். அது பாதி உண்மைதான். மேலே இல்லாவிட்டாலும் மணலுக்குள்ளே இருக்கும்.

ஆற்று மணலில் மணிக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த இடைவெளியில் தண்ணீர் நிறைகிறது. இறைத்தால் வருகிறது. களிமண்ணிலும் தண்ணீர் நிற்கும். ஆனால் அது பிடித்த பிடியை விடாது. மணலும் கூழாங்கல்லும் அப்படியல்ல. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்.

நல்ல மணல் தன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை இறைக்கக் கொடுக்கும் என்பது பொதுவான கணக்கு.

இனி குவாரிக்கு வருவோம். ஒரு எக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் நிலத்தில் 3 மீட்டர், அதாவது 10 அடி ஆழத்துக்கு மணல் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் மணல் 30 ஆயிரம் கன மீட்டர். லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால் சுமார் 10 ஆயிரத்து 600 யூனிட். லாரிக்கு 3 யூனிட் என்றாலும் மூவாயிரத்து ஐந்நூறு லோடு.

அந்த மணல் ஒரு முறை நிறைந்தால் இறைக்கக் கொடுக்கும் தண்ணீர் 6 ஆயிரம் கன மீட்டர். அதாவது 60 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியில் ஏற்றினால் 500 லாரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொடுத்தால் 44 ஆயிரம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர்.

மணலை விற்றால் ஒரு தடவைதான் காசு. அதே மணல் கிடந்த இடத்தில் கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் நிறையும், ஒவ்வொரு கோடைக்கும் கொடுக்கும். இதுதான் கணக்கின் முதல் வரி.

"குழியில் தண்ணீர் நிற்காதா?"

குவாரிக்காரர் தரப்பில் ஒரு கேள்வி வரும். "மணலை எடுத்தால் அந்த இடத்தில் குழி இருக்கும். மழை பெய்தால் குழி ஏரி மாதிரி நிறையும். மணலில் ஐந்தில் ஒரு பங்குதானே தண்ணீர்? குழியில் முழுக்கத் தண்ணீர் அல்லவா? லாபம்தானே?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, வெயில். மணலுக்குள் ஒரு மீட்டர் கீழே போய்விட்ட தண்ணீரை வெயில் அவ்வளவாகத் தொடாது. திறந்த குழியில் நிற்கும் தண்ணீர் தினமும் ஆவியாகிக் கொண்டே இருக்கும். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு எக்டேர் குழியில் தினம் 60 ஆயிரம் லிட்டர் போய்விடும். அதாவது, தினம் 5 லாரித் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் ஆகாயத்துக்கு!

அந்தத் தண்ணீர் குழியோடு முடிவதில்லை. குழி குறையக் குறையச் சுற்றியுள்ள மணலில் இருந்து தண்ணீர் குழிக்குள் கசிந்து வரும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் அதோடு சேர்ந்து ஆவியாகும்.

இரண்டாவது ஓட்டை, வண்டல். வெள்ளம் கொண்டு வரும் களிமண் குழியின் அடியில் படியும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு அடித்தளம் மெழுகிய தரை மாதிரி ஆகிவிடும். அப்புறம் தண்ணீர் நிற்கும், கீழே இறங்காது. கிணற்றுக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது ஓட்டை, சுத்தம். மணல் ஒரு வடிகட்டி. அழுக்குத் தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது பெரும்பாலும் தெளிந்துதான் கிணற்றுக்கு வரும். திறந்த குழியில் மாடு குளிக்கும், குப்பை விழும், லாரியின் டீசலும் ஆயிலும் சொட்டும். நடுவில் வடிகட்டி கிடையாது.

குழி ஆற்றுக்குள்ளேயே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆற்றின் மட்டம் இறங்கினால், கரையோரத்து நிலத்தடித் தண்ணீர் புதிய பள்ளத்தை நோக்கி வடிந்து இறங்கும். கிணறு வெட்டியபோது 20 அடியில் கிடைத்த தண்ணீருக்கு இப்போது 30 அடி போக வேண்டும். வசதி உள்ளவர் போர் போடுவார். இல்லாதவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

அதற்காக எல்லாக் குவாரியும் ஊரைக் குடிக்கும் என்று சொல்ல முடியாது. வீடு கட்ட மண் வேண்டும், ரோடு போடக் கிராவல் வேண்டும். ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டு நிலத்தில், மழைக்காலத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடும் குழியால் கிணறுகளுக்கு வரும் கெடுதல் குறைவு. எந்தக் குழி எந்த வகை என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

எந்த மாதம் அளந்தார்கள்?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஆற்றோரக் கிணறு ஒன்றில் மே மாதம் 25 அடியில் தண்ணீர் நிற்கிறது. அதே கிணற்றில் வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் 6 அடியில் நிற்கிறது. கிணறு ஒன்றுதான், மாதம்தான் வேறு. இப்படி ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு பாருங்கள்.

குவாரிக்கு 10 அடி ஆழம் கேட்கிறார்கள். அறிக்கை எழுதுபவர் மே மாதம் வந்து அளக்கிறார். "நிலத்தடி நீர் 25 அடியில் உள்ளது. குவாரி ஆழம் 10 அடி மட்டுமே. ஆகவே நிலத்தடி நீரைத் தொடாது" என்று எழுதுகிறார். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் டிசம்பரில் அந்தக் குழி 4 அடி தண்ணீருக்குள் நிற்கும்!

அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டால்தான் பொக்லைன் இறங்க முடியும். மோட்டார் ஓட ஓடப் பக்கத்துக் கிணறுகளின் மட்டமும் சாய்ந்துகொண்டே வரும்.

இதையே திருப்பிப் போட்டாலும் தப்புதான். ஜனவரியில் மட்டும் அளந்தால் ஊர்க் கிணறு எல்லாம் நிரம்பி வழிகிற மாதிரி தெரியும். "இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை" என்று எழுதிவிடலாம்.

ஆகவே இரண்டு அளவும் வேண்டும். குழி தண்ணீரைத் தொடுமா என்று பார்க்க மழை முடிந்த மட்டம் வேண்டும். கிணறு கோடையைத் தாங்குமா என்று பார்க்க மே மாத மட்டம் வேண்டும். ஒரே ஒரு மாத அளவை வைத்துக்கொண்டு வரும் அறிக்கை பாதி அறிக்கை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நாலு தடவை அளப்பது இதற்காகத்தான். மாநில அரசின் நிலத்தடி நீர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மையம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழைய ஆண்டுகளின் கணக்கும் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அதில் பார்க்கலாம்.

வேறு என்ன அளக்க வேண்டும்?

அடுத்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. பூமிக்கு மேலே மட்டுமல்ல, கீழேயும் தண்ணீர் நகர்கிறது; மெதுவாக.

மூன்று கிணறுகளில் தண்ணீர் மட்டம் எடுத்து, அந்த மூன்றின் தரை உயரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்து கணக்குப் போட்டால் திசை தெரிந்துவிடும். குவாரி மேல் பக்கமும் ஊர்க் கிணறு கீழ்ப் பக்கமும் இருந்தால் ஆபத்து அதிகம். ஊருக்கு வர வேண்டிய தண்ணீர் குழியில் தங்கிவிடும். குழியில் விழுந்த அழுக்கு ஊருக்கு வரும்.

பிறகு, சோதனைத் துளை. எத்தனை அடிக்கு மண், எத்தனை அடிக்கு மணல், எங்கே களிமண் என்று துளை போட்டால்தான் தெரியும். நடுவில் கனமான களிமண் படுகை இருந்து, குவாரி அதற்கு மேலேயே நின்றால், அடியில் உள்ள ஆழமான தண்ணீருக்கு அவ்வளவு பாதிப்பு இராது. அந்தக் களிமண்ணை உடைத்துவிட்டால் கதை வேறு.

பிறகு, இறைப்புச் சோதனை. ஒரு கிணற்றில் மணிக்கணக்காக மோட்டார் ஓட்டி, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்ப்பது. எவ்வளவு தூரத்துக் கிணறு வரை பாதிக்கும் என்று இதில் இருந்து கணக்கிடலாம்.

கடைசியாக, தண்ணீரின் தரம். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2 ஆயிரம் வரை போகலாம். குவாரி வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் தண்ணீர் கெட்டாலும் யாரையும் கேட்க முடியாது.

மீஞ்சூர் தரும் பாடம்

கடல் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அது உப்பு.

நல்ல தண்ணீர் கடல் தண்ணீரை விட லேசானது. ஆகவே கடலோரத்தில் பூமிக்குக் கீழே உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறது. நிலத்தடி நீர் சாஸ்திரத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும். மேலே அந்த 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே இருந்து உப்புத் தண்ணீர் 40 அடி எழும்பும்.

மீஞ்சூர் பகுதியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் என்று அளவுக்கு மீறி இறைத்தார்கள். 1969-ம் ஆண்டில் கடற்கரையில் இருந்து 3 கிலோ மீட்டர் அளவில் இருந்த உப்புத் தண்ணீர், பிந்தைய ஆண்டுகளில் இன்னும் பல கிலோ மீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதன் பிறகு 1987-ம் ஆண்டில், சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கிணறு தோண்டுவதற்கும் நிலத்தடி நீரை லாரியில் கொண்டு போவதற்கும் கட்டுப்பாடு விதித்துத் தனிச் சட்டமே வந்தது.

அங்கே குற்றவாளி குவாரி அல்ல, மோட்டார். ஆனால் பாடம் ஒன்றுதான். தண்ணீர் மட்டத்தை எது இறக்கினாலும் உப்பு வரும். வந்த உப்பு லேசில் திரும்பிப் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்துக்குக் குறைவே இல்லை.

ஆற்று மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2003-ம் ஆண்டு அக்டோபரில் தானே எடுத்துக்கொண்டது. பாலம், குடிநீர்த் திட்டம், உறை கிணறு, இறைப்பு நிலையம் ஆகியவற்றில் இருந்து 500 மீட்டருக்குள் ஆற்று மணல் எடுக்கக் கூடாது என்று மாநில விதி இருக்கிறது.

5 எக்டேருக்குக் குறைந்த குவாரியாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்று 2012-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எடுத்த மணல் ஆண்டுதோறும் எவ்வளவு திரும்பப் படிகிறது என்று ஆராயாமல் தயாரித்த மாவட்ட அறிக்கையை வைத்து அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"சவுடு" விவகாரம் தனி. சவுடு என்ற பெயரில் அனுமதி வாங்கி, மேலே நாலடி மண்ணை ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கிற மணலை அள்ளுவதாகப் பல வழக்குகள் வந்தன. மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் இப்படிப் பேச்சு வழக்குப் பெயர்களில் அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை கூறியது.

சட்டத்தில் சந்தும் இருக்கிறது. 5 எக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. ஆகவே மனுக்கள் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 500 மீட்டருக்குள் பல குவாரிகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூட்டமாகக் கணக்கிட வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதி சொல்கிறது. பக்கத்தில் வேறு குவாரி இருக்கிறதா என்று ஊரார்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரார் கேட்க வேண்டியது

குவாரிக்கு ஆதரவோ எதிர்ப்போ, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

சுற்றிலும் எத்தனை கிணறுகளை அளந்தீர்கள்? எந்த மாதம் அளந்தீர்கள்? மழை முடிந்த மட்டம் என்ன, கோடை மட்டம் என்ன? குழியின் அடி எத்தனை அடியில் நிற்கும்? குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம்? குழியில் தண்ணீர் வந்தால் வேலையை நிறுத்துவீர்களா, மோட்டார் வைத்து இறைப்பீர்களா? வேலை முடிந்ததும் குழியை என்ன செய்வீர்கள்? கிணறு வற்றினால் யார் பொறுப்பு?

வாயால் பதில் சொன்னால் போதாது. காகிதத்தில் வேண்டும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறை தீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் அறிக்கையின் நகலைக் கேட்கலாம். மார்ச் 22-ந் தேதி, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. தண்ணீரைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

அதைவிட முக்கியமாக, ஊராரே ஒரு வேலை செய்யலாம். செலவு அதிகம் இல்லை. ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு கல், ஒரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். மாதம் ஒரு தடவை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், ஊரில் பத்துக் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தை அளந்து தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களே செய்துவிடுவார்கள்.

ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால், "இங்கே தண்ணீர் 25 அடியில்தான் இருக்கிறது" என்று எந்த அறிக்கை வந்தாலும், "டிசம்பரில் 6 அடி, இதோ பாருங்கள்" என்று நோட்டை நீட்டலாம். அதிகாரிக்கும் அது உதவும். கோர்ட்டுக்குப் போனாலும் அது நிற்கும்.

குவாரிக்கு மனு வந்த பிறகு அளக்க ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும். ஆற்றோரத்து ஊர்கள் இந்த மாதமே கயிறை இறக்குவது நல்லது.